மணல்லயும் வெயில்லயும் கார்டன் ட்ரெக்டர்ட ஹைட்ரோவக் காப்பாத்துறது எப்படி: முழு வழிகாட்டி

மட்டக்களப்பு பாசிக்குடா, கல்குடா பக்கம் ஹோட்டல் தோட்டங்கள்லயும், மைதானங்கள்லயும், தென்னந்தோட்டங்கள்லயும் ஏறி இருந்து ஓட்டுற புல்லு வெட்டுற ட்ரெக்டர வச்சு வேலை செய்ற தம்பிமாருக்காகத்தான் இத எழுதுறன். கியர் இல்லாம, பெடல் மிதிச்சா முன்னுக்கும் பின்னுக்கும் போற வண்டி எண்டா அதுல இருக்கிறது ஹைட்ரோஸ்டாட்டிக் ட்ரான்ஸ்மிஷன், சுருக்கமா ஹைட்ரோ. எஞ்சின் போனா திருத்துறதுக்கு எந்த ஊர்லயும் ஆள் இருக்கு, ஆனா ஹைட்ரோ போனா பார்ட்ஸ் தேடி கொழும்புக்கு அலையணும், சிலவேளை முழுசா மாத்தணும், அந்தக் காசுக்கு பழைய வண்டி ஒண்டே வாங்கலாம் போல இருக்கும். அதனால படிகள ஒழுங்கு மாத்தாமப் பாருங்க, ஒவ்வொண்டும் ஏன் எண்டும் சொல்றன்.

1. முதல்ல ஹைட்ரோவுக்குள்ள என்ன நடக்குது எண்டு விளங்கிக்கொள்ளுங்க

ஹைட்ரோவுக்குள்ள ஒரு பம்பும் ஒரு மோட்டரும் இருக்கு. எஞ்சின் பெல்ட்டால பம்பச் சுத்தும், பம்ப் ஒயில அழுத்தி மோட்டருக்கு அனுப்பும், மோட்டர் சில்லச் சுத்தும். பம்புக்குள்ள சின்னச் சின்ன பிஸ்டன்கள் ஒரு சரிஞ்ச தட்டுல உரசிக்கொண்டு சுத்துது, உங்கட பெடல் அந்தத் தட்டுட சரிவத்தான் மாத்துது. சரிவு கூடினா கனக்க ஒயில் போகும், வண்டி வேகமாப் போகும். சரிவு குறைஞ்சா கொஞ்ச ஒயில்தான் போகும், வண்டி மெதுவாப் போகும், ஆனா அதே எஞ்சினால அந்தக் கொஞ்ச ஒயில நல்லா அழுத்தித் தள்ள முடியும்.

இதுல இருந்து வாறதுதான் முழு விஷயமும். பெடல் எக்ஸிலேட்டர் இல்ல. பைக்ல ஏத்தம் வந்தா 4ல இருந்து 2க்கு இறக்குறீங்கதானே, ஹைட்ரோவுல பெடலக் கொஞ்சம் விடுறதுதான் அந்த கியர் இறக்குறது.

இன்னொண்டு, உள்ளுக்க இருக்கிற பாகங்களுக்கு இடையில ஒயில் எப்பவும் கொஞ்சம் கசிஞ்சுகொண்டேதான் இருக்கும், அது பழுது இல்ல, அமைப்பே அப்படி. ஆனா ஒயில் சூடாகி தண்ணி மாதிரி ஆனா கசிவு கூடும், கசிவு கூடினா சூடு இன்னும் கூடும். ஹைட்ரோ சாகிறது பெரும்பாலும் இந்தச் சுத்துலதான்.

2. வேலைக்கு முன்னம் கையில இருக்க வேண்டியது

வண்டிட புத்தகம், இல்லாட்டி ஹைட்ரோட உடம்புல ஒட்டியிருக்கிற லேபல். அதுல கம்பனிப் பேரும் மொடல் நம்பரும் இருக்கும், ஒரு போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கொள்ளுங்க, கொஞ்சக் காலத்துல வெயிலும் ஒயிலும் பட்டு அது அழிஞ்சு போயிரும். டஃப் டோர்க் கே 46 மாதிரி சின்ன ஹைட்ரோவா, இல்ல அதவிடப் பெரிசா எண்டு தெரிஞ்சாத்தான் என்ன வேலை குடுக்கலாம் எண்டு தெரியும். கே 46 மாதிரியானது புல்லு வெட்டவும் சின்னப் பெட்டி (ட்ரெயிலர்) இழுக்கவும் செஞ்சது, உழுறதுக்கு இல்ல. வெளிப்பார்வைக்கு ரெண்டு ட்ரெக்டரும் ஒரே அளவா இருந்தாலும் உள்ளுக்க இருக்கிறது வேற வேறயா இருக்கலாம்.

அதோட குறைஞ்ச அழுத்தம் காட்டுற டயர் கேஜ் ஒண்டு, நைலோன் பிரஷ், ஊதுறதுக்கு சின்ன கொம்பிரசர் அல்லது புளோவர், ஜாக்கும் ஸ்டாண்டும், வலை வச்ச சுத்தமான புனல் ஒண்டு. இவ்வளவு போதும்.

3. ஸ்டார்ட் பண்ண முன்னம், வண்டி ஆறிக் கிடக்கக்குள்ள

சாவியக் கழட்டிப்போட்டு பின்னுக்குக் குனிஞ்சு பாருங்க. ஹைட்ரோட மேல ஒரு பிளாஸ்டிக் ஃபேன் இருக்கும், உடம்பு முழுக்க விலா எலும்பு மாதிரி ஃபின் இருக்கும். சூடு வெளியேறுறது இது ரெண்டாலயும்தான். வெட்டின புல்லும் மணலும் சேர்ந்து ஃபின்னுக்கு மேல பாய் விரிச்ச மாதிரிப் படிஞ்சிருக்கும், அத பிரஷால தட்டி ஊதி எடுங்க. ஃபேன்ல இலை உடைஞ்சிருந்தா மாத்துங்க, அது சின்னச் செலவு, விட்டா பெரிய செலவு.

தண்ணி பிரஷர் அடிச்சுக் கழுவுறது கூடாது, முக்கியமா சூடா இருக்கக்குள்ள கூடவே கூடாது. மேல இருக்கிற மூச்சு ஓட்டையாலயும் ஷாஃப்ட் சீலாலயும் தண்ணி உள்ள போகும், ஒயில் பால் கலர் ஆகும், உள்ளுக்க துருப்பிடிக்கும்.

பெல்ட்டப் பாருங்க. பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கினா வழுக்குது எண்டு அர்த்தம். டென்ஷன் குடுக்கிற ஸ்பிரிங் கழண்டிருக்கா, புல்லி தடையில்லாம லேசா சுத்துதா எண்டும் பாருங்க.

டயர் காத்து ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். பெரும்பாலான புல்லு வெட்டுற ட்ரெக்டர்ல பின்னுக்கு 10 பிஎஸ்ஐ பக்கம், முன்னுக்கு 14 பக்கம்தான் வரும். பஸ் டயருக்கு அடிக்கிற மாதிரி கல்லா அடிச்சு வச்சிருக்கிறதயும் கண்டிருக்கன், அது மணல்ல கத்தி மாதிரி இறங்கும். டயர்ல எழுதியிருக்கிறது தாங்குற உச்ச அளவு, நீங்க அடிக்க வேண்டிய அளவு புத்தகத்துலதான் இருக்கு.

கடைசியா பைபாஸ் நெம்பு. வண்டியத் தள்ளுறதுக்காக பின்னுக்கு ஒரு கம்பி அல்லது லீவர் இருக்கும். அது ஓட்டுற நிலைக்கு முழுசா வந்திருக்கணும். அரைவாசியில நிண்டா ஒயில் உள்ளுக்கயே சுத்தி ஓடும், வண்டி இழுக்காது, சூடு ஏறும், நீங்க ஹைட்ரோ போச்சு எண்டு நினைப்பீங்க. பார்க்கிங் பிரேக்கும் அப்படித்தான், முழுசா விட்டிருக்கா எண்டு பார்த்துட்டு ஏறுங்க.

4. எஞ்சின் முழு வேகத்துல, கால் மெதுவா

புதுசா வாற எல்லாரும் தடுமாறுற இடம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவா சொல்றன்.

நம்மட ஆக்கள் எண்ணெய் மிச்சம் பிடிக்கிறதுக்காக எஞ்சின அரை வேகத்துல வச்சுட்டு பெடல முழுசா மிதிச்சு ஓட்டுவாங்க. சத்தமும் குறைவு, வண்டியும் ஓடுது, பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஹைட்ரோட ஃபேன் எஞ்சின் பெல்ட்டாலதான் சுத்துது, எஞ்சின் குறைஞ்சா காத்தும் குறையும். பம்ப் அனுப்புற ஒயிலும் குறையும், உள்ளுக்க கசியிறது மட்டும் குறையாது, அதனால அனுப்புறதுல பெரிய பங்கு கசிவுலயே போகும். பத்தாததுக்கு பெடல் முழுசா இருக்கிறதால எஞ்சின் மூச்சு முட்டும். ஸ்டார்ட் பண்ணி ஒரு ரெண்டு நிமிஷம் மெதுவா ஓட விட்டுட்டு, வேலை தொடங்கினா த்ரொட்டில முயல் படம் இருக்கிற பக்கம் கொண்டு போங்க, வேகத்த காலால மட்டும் குறைங்க.

அடுத்தது சுமை வாற நேரம். மாரி முடிஞ்சு தை, மாசியில புல்லு முழங்காலுக்கு வளர்ந்து நிக்கும், அதுக்குள்ள போகக்குள்ள வண்டி வேகம் குறையும், எஞ்சின் சத்தம் அமுங்கும். உடனே கால் தன்னால கீழ போகும். அந்த இடத்துலதான் கால மேல எடுக்கணும். கால் வாசி, அரை வாசி விட்டுப் பாருங்க, எஞ்சின் திரும்ப எழும்பும், வண்டி மெதுவா ஆனா பலமாப் போகும். காதால ஓட்டுங்க எண்டுதான் நான் பழகுறவங்களுக்குச் சொல்லுறது. எஞ்சின் சத்தம் ஒரே மாதிரி கேட்டா நீங்க சரியா ஓட்டுறீங்க, இறங்கினா பெடல விடுங்க.

பெடல நல்லா விட்டும் வண்டி நகரல்லயா, அப்ப நிப்பாட்டுங்க. சில்லு சுத்தாம பெடல மிதிச்சுக்கொண்டு நிண்டா எஞ்சின் குடுக்கிற சக்தி போறதுக்கு வேற இடம் இல்ல, ஒயில் உள்ளுக்க அழுத்தத்துல கசிஞ்சு முழுக்க சூடாத்தான் மாறும். சில செக்கன் எண்டாலும் அது கனக்க.

முன்னுக்குப் போய்க்கொண்டிருக்கிற வண்டிய நிப்பாட்டாம பின்னுக்கு மிதிக்கிறதும் இதே வகைப் பிழைதான். மரத்தடியில, பூப்பாத்தி ஓரத்துல முன்னுக்கும் பின்னுக்கும் கெதியா கெதியா மாத்தி மாத்தி அடிப்பாங்க, ஒவ்வொரு தரமும் வண்டிட பாரம் முழுக்க ஒயில்ல போய் இடிக்கும். பெடல விட்டு, வண்டி நிண்டு, பொறகு மற்றப் பக்கம் மிதிங்க.

5. மணல்

எழுவான்கரையில, அதாவது வாவிக்குக் கிழக்கால கடல் பக்கம், வேலை செய்றவங்களுக்கு இது பெரிய தலையிடி, வாவிக்கு மேற்கால படுவான்கரையில அவ்வளவு இல்ல, அங்க களிமண், மழைக்குத்தான் பிரச்சினை. கடற்கரைப் பக்கம் சொரி மணல்ல வெறும் வண்டிக்கே சில்லு பாதி புதையும், தட்டையான தரையில போற மாதிரி இருந்தாலும் ஹைட்ரோவுக்கு அது முடியாத ஏத்தம்.

மணல்ல போகணும் எண்டா முதல் கத்திய ஓஃப் பண்ணி டெக்க (கத்திய மூடியிருக்கிற தட்ட) உயர்த்துங்க, எஞ்சின்ட பலம் முழுக்க சில்லுக்குக் கிடைக்கும். திரும்புறத புல்லு இருக்கிற இடத்துல வச்சுக்கொள்ளுங்க, மணல்ல நேரா மட்டும் போங்க. சில்லு சுத்தி புதையத் தொடங்கினா அந்த இடத்துலயே நிப்பாட்டி, இறங்கி, சில்லுக்குப் பின்னுக்கு இருக்கிற மணல அள்ளிட்டு தென்னோலை மட்டையோ பலகையோ போட்டு வந்த வழியாலயே பின்னுக்கு எடுங்க. முன்னுக்கு ஒருக்கா பின்னுக்கு ஒருக்கா எண்டு ஆட்டி எடுக்கிறது கியர் வண்டிட முறை, இங்க வேண்டாம்.

வழுக்காம இருக்க எண்டு பின் சில்லுக்கு பாரக்கல்லு கட்டுறதும், உழவு டயர் மாட்டுறதும் சின்ன ஹைட்ரோவுக்கு நல்லதில்ல. புல்லு டயர் வழுக்கி விடுறது உண்மையில ஒரு பாதுகாப்பு. சில்லு வழுக்காட்டி அந்த இழுவை முழுக்க ஒயில் அழுத்தமாப் போகும்.

6. இழுக்கிற வேலை

பெட்டியில எவ்வளவு ஏத்தலாம் எண்டு புத்தகத்துல எழுதியிருக்கும், அத பெயின்ட்டால பெட்டியிலயே எழுதி வைங்க, ஏத்துறவருக்கும் தெரியட்டும். பாரத்தக் கண்ணால அளக்க ஏலாது. ஒரு கியூப் (100 கன அடி) மணல் 4 டொன்னுக்கு மேல வரும், அப்ப கால் கியூப் போட்டாலே ஒரு டொன் தாண்டும். 1000 லீற்றர் தண்ணி டேங்க் நிரம்பினா தண்ணி மட்டும் ஒரு டொன். புல்லு வெட்டுற சின்ன வண்டிகளுக்கு இது ரெண்டும் ஏலாத பாரம். பாதி பாதியா ரெண்டு நடை போங்க.

சிலத இழுக்கவே கூடாது எண்டு சொல்லுவன். கிரிக்கெட் பிட்ச்சுட இரும்பு ரோலர், கரையில இருந்து ஏத்துற ஃபைபர் போட், தென்னங்குத்தி, மணல்ல புதைஞ்ச வேன். எல்லாத்துக்கும் இந்த ட்ரெக்டரக் கொண்டு வரச் சொல்லிக் கேப்பாங்க, பேருல ட்ரெக்டர் இருக்குதானே. அதுக்கு லேண்ட் மாஸ்டரையோ (ரெண்டு சில்லு ட்ரெக்டர்) பெரிய உழவு மெசினையோ கூப்பிடுங்க. ரோலர் விஷயத்துல இன்னொரு ஆபத்தும் இருக்கு, நீங்க நிப்பாட்டினாலும் அது நிக்காது, வண்டியத் தள்ளிக்கொண்டு வரும்.

இழுக்கக்குள்ள கயிறு தொய்ஞ்சு இருக்க, ஓடிப்போய் வெடுக்கெண்டு இழுக்காதீங்க. கயிறு இறுகும் வரைக்கும் ஊர்ந்து போய், பொறகு பெடலக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க.

7. ஏத்தம், வரம்பு, லொறிப் பலகை

ஏறுறதுக்கு முன்னமே பெடலக் குறைச்சுட்டு ஏறுங்க, நடுவுல குறைக்கிறது ரெண்டாம் பட்சம். பட்டா லொறியில (சின்ன லொறி) ஏத்துறதா இருந்தா லொறிய ஒரு மேட்டோட சேர்த்து நிப்பாட்டுங்க, பலகைட சரிவு குறையும், ஹைட்ரோவுக்கும் நல்லது, உங்கட உயிருக்கும் நல்லது. முன் சில்லு எழும்புற அளவு சரிவு எண்டா ஓட்டி ஏத்தவே வேண்டாம். பாதியில ஏலாமப் போனா இன்னும் மிதிக்காம, மெதுவா நேரா இறங்கி சரிவக் குறைச்சுட்டு திரும்ப வாங்க.

சரிவுல நிக்கிறதுக்கு பெடலால தாங்கிக்கொண்டு நிக்க வேண்டாம், பிரேக்கப் போடுங்க. இறங்கக்குள்ளயும் பெடல மெல்லமா குடுத்துக்கொண்டே இறங்கணும், ஹைட்ரோதான் அங்க வண்டியப் பிடிச்சு வைக்குது. சரிவுல இருக்கக்குள்ள பைபாஸத் திறந்தா வண்டியப் பிடிக்க ஒண்டும் இல்ல, சும்மா உருண்டு போகும். இத விளையாட்டுக்கும் செய்யாதீங்க.

8. வெயில் நேரம்

வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் கச்சான் காத்து அடிக்கும், மத்தியானத்துல காத்தே சுடும். சுத்தியிருக்கிற காத்து சூடா இருந்தா ஃபின்னால வெளியேறுற சூடும் குறையும். கஷ்டமான வேலைய காலையில 6ல இருந்து 9, 10 வரைக்கும் வச்சுக்கொள்ளுங்க, மிச்சத்த 4 மணிக்குப் பொறகு. நடுவுல செய்யத்தான் வேணும் எண்டா லேசான வெட்டு மட்டும், அதுவும் டெக்க உயர்த்தி ரெண்டு தரமா வெட்டுங்க.

கடும் வேலை செஞ்சிட்டு உடனே எஞ்சின நிப்பாட்ட வேண்டாம். நிழல்ல விட்டு, நியூட்ரல்ல வச்சு, ஒரு சில நிமிஷம் ஓட விடுங்க, அந்த ஃபேன் சுத்தட்டும்.

9. தள்ளுறதும் கட்டி இழுக்கிறதும்

எஞ்சின் நிண்ட வண்டியத் தள்ளணும் எண்டா பைபாஸத் திறந்துட்டு, நடக்கிற வேகத்துல, கையால, கொஞ்சத் தூரம் மட்டும். பின் சில்லு நிலத்துல இருக்க, கயிறு கட்டி த்ரீ வீலால ரோட்டுல இழுத்துக்கொண்டு போறது கூடாது. சில்லு சுத்தினா உள்ளுக்க மோட்டரும் சுத்தும், ஆனா பம்ப் சுத்தாது, தேவையான ஒயில் போகாமக் காஞ்சு உரசும். தூரம் எண்டா லொறியில ஏத்துங்க. வந்து சேர்ந்ததும் பைபாஸ மூட மறக்காதீங்க.

10. ஒயில் மாத்துறதும் காத்து எடுக்கிறதும்

முதல் கேள்வி, என்ன ஒயில். ஹைட்ரோ எண்டு பேர் இருக்கிறதால பெரிய ட்ரெக்டருக்கு ஊத்துற ஹைட்ரோலிக் ஒயில ஊத்துறதுதான் இங்க நடக்கிற பெரிய பிழை. ஹைட்ரோ கியர் கம்பனிட கனக்க மொடலுக்கு 20 டபிள்யூ 50 எஞ்சின் ஒயில்தான் சொல்லியிருக்கு, டஃப் டோர்க்ல மொடலப் பொறுத்து மாறும், வேற சிலதுக்கு அவங்கட சொந்த ஒயில்தான். நீங்க எடுத்து வச்ச லேபல் போட்டோ இதுக்குத்தான். கடைக்காரர் சொல்றத விட லேபல் சொல்றத நம்புங்க.

ரெண்டாவது, ட்ரெயின் பிளக் (பழைய ஒயில வடிய விடுற அடி மூடி) இருக்கா. கே 46 மாதிரி சிலதுல இருக்காது, முழு ஹைட்ரோவையும் வண்டியில இருந்து கழட்டி, கவிழ்த்துத்தான் பழைய ஒயில எடுக்கணும். பாரமான வேலை, ரெண்டு பேர் வேணும், ஆனா செஞ்சா வித்தியாசம் தெரியும். புத்தகத்துல ஆயுள் முழுக்க மாத்தத் தேவையில்ல எண்டு இருந்தாலும், மணலும் வெயிலும் உள்ள நம்மட இடத்துல மாத்துறதுதான் சரி எண்டு நான் நினைக்கிறன்.

திறக்க முன்னம் மூடியச் சுத்தி நல்லா ஊதித் துடைங்க. கச்சான் அடிக்கிற நேரம் வெட்ட வெளியில வச்சுத் திறக்கவே வேண்டாம். ஒரு மணல் பரு உள்ள போனாலும் அந்த பிஸ்டன்லயும் தட்டுலயும் கோடு விழும். புனல் சுத்தமா இருக்கணும், துடைக்கிற துணி நூல் விடாததா இருக்கணும். ஆறின வண்டியில அளவுக்கோடு மட்டும் ஊத்துங்க, சூடானா ஒயில் விரியும், கூட ஊத்தினா மூச்சு ஓட்டையால வெளியே வந்து அதுல மணல் ஒட்டும்.

பொறகு காத்து எடுக்கணும், இதக் கனபேர் விட்டுட்டு நேரா வேலைக்குப் போவாங்க. காத்து உள்ளுக்க இருந்தா வண்டி உதறும், கத்தும், இழுக்காது, உலோகம் உலோகத்தோட உரசும். முன் சில்லுக்கு அடை குடுத்து, பின் சில்லு ரெண்டும் நிலத்துல படாம ஸ்டாண்ட்ல வைங்க. பைபாஸத் திறந்து, எஞ்சின ஓட விட்டு, பெடல மெதுவா முன்னுக்கும் பின்னுக்கும் 5, 6 தரம் மிதிங்க. எஞ்சின நிப்பாட்டி பைபாஸ மூடுங்க, திரும்ப ஸ்டார்ட் பண்ணி அதே மாதிரி 5, 6 தரம். ஒயில் அளவு இறங்கியிருக்கும், நிரப்புங்க. சத்தம் போய் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சுத்தும் வரைக்கும் திரும்பச் செய்யுங்க. இறக்கின பொறகு தட்டையான இடத்துல கொஞ்ச நேரம் சும்மா ஓட்டிட்டுத்தான் வேலைக்குக் குடுக்கணும்.

11. இழுவை குறைஞ்சா என்ன ஒழுங்குல பார்க்கிறது

காலையில நல்லா ஓடி, அரை மணித்தியாலம் கழிச்சு ஏத்தத்துல சோர்ந்து போனா ஒயில் சூடாகி மெலிஞ்சிருக்கு. காலையிலயே சோர்வு எண்டா வெளியில தேடுங்க. எப்படி இருந்தாலும் ஹைட்ரோவக் கழட்ட முன்னம் இந்த ஒழுங்குல போங்க: பெல்ட்டும் ஸ்பிரிங்கும், பைபாஸ் முழுசா மூடியிருக்கா, பிரேக் உரசுதா, பெடல்ல இருந்து ஹைட்ரோவுக்குப் போற கம்பி முழுத் தூரமும் நகருதா இல்ல வளைஞ்சு தேய்ஞ்சிருக்கா, ஷாஃப்ட்டையும் சில்லையும் பிடிச்சிருக்கிற கீ எண்ட சின்ன இரும்புத் துண்டு இருக்கா. கீ விழுந்தா ஷாஃப்ட் சுத்தும், சில்லு நிக்கும், இத ஹைட்ரோ போச்சு எண்டு கராஜுல குடுத்த ஆக்கள் இருக்காங்க.

எல்லாம் சரி எண்டா ஒயிலப் பாருங்க. பால் கலர் எண்டா தண்ணி, கருப்பா எரிஞ்ச மணம் எண்டா சூடு, வெயில்ல பிடிக்கக்குள்ள பொடிப் பொடியா மினுங்கினா உலோகம் தேயுது. முதல் ரெண்டுக்கும் ஒயில மாத்தி காத்து எடுத்துப் பாருங்க, கனக்க வண்டி திரும்ப வரும். மினுங்கினா, இல்லாட்டி மாத்தியும் சூட்டுல சோர்வு போகல்ல எண்டா, தேய்மானம் உள்ளுக்க. அப்ப இழுக்கிற பெட்டியக் கழட்டி வச்சுட்டு, தட்டையான இடத்துல காலை நேரத்துல மட்டும் புல்லு வெட்டப் பாவிங்க, அதுக்கிடையில அந்த மொடல் நம்பரக் குடுத்து பம்ப், மோட்டர் தனியாக் கிடைக்குமா, முழு ஹைட்ரோவா மாத்தணுமா எண்டு விலை கேட்டு வைங்க.